பொன்வண்டுச் சிறகைத் தைத்த கைகள்

நடிகையின் உடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், அதன் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். யார் உடுத்தியது? இடுப்பு இவ்வளவு சிறியதா? பக்கத்துப் பெட்டியில் ஒரு நடிகரின் வாள் இருந்தால் பேச்சு வேறாகிவிடும். அவர் எந்தக் காட்சியில் அதை உருவினார், எப்படி வசனம் பேசினார் என்றெல்லாம் பேசுவார்கள். வாள் நடிப்பை நினைவூட்டுகிறது, சேலையும் கவுனும் உடம்பை நினைவூட்டுகின்றன. பொருள்கள் தாமாக இப்படிப் பேசுவதில்லை. நாம் அவற்றைப் பார்க்கப் பழகியிருக்கும் விதம் இது. நாடக உடை உழைப்பின் ஆவணம் என்றும், அனுமதியின் ஆவணம் என்றும் நான் சொல்கிறேன். யார் செய்தார்கள், யார் பழுதுபார்த்தார்கள், யார் காப்பாற்றி வைத்தார்கள், எதை உடுத்த அவளை விடவில்லை என்று கேட்காத அருங்காட்சியகம், நடிகையை இரண்டாம் முறையும் வேடிக்கைப் பொருளாக்குகிறது.

இதைச் சொல்ல ஒரே ஓர் உடையை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஸ்மால்ஹைத் பிளேஸ் என்ற பழைய மரச்சட்ட வீடு இருக்கிறது. நடிகை எலன் டெர்ரி 1899இல் வாங்கி, 1928இல் இறக்கும்வரை வைத்திருந்த வீடு. இன்று அது அருங்காட்சியகம். அங்கே இருக்கும் உடைகளில் மிகவும் பேர்பெற்றது, லண்டன் லைசியம் தியேட்டரில் 1888 டிசம்பர் 29 அன்று தொடங்கிய ‘மேக்பெத்’ நாடகத்தில் லேடி மேக்பெத்தாக அவர் அணிந்த பச்சை உடை. வடிவமைத்தவர் ஆலிஸ் காமின்ஸ் கார். தன் பட்டறையில் அதை உருவாக்கித் தந்தவர் ஏடா நெட்டில்ஷிப். சங்கிலிக் கவசம் போலவும் இருக்க வேண்டும், பாம்பின் செதில் போலவும் இருக்க வேண்டும் என்பது காரின் எண்ணம். பச்சை நூலும் நீல ஜிகினாவும் கலந்து குரோஷா பின்னலாகப் பின்னி, அதன்மேல் ஏறத்தாழ ஆயிரம் வண்டுச் சிறகுகளைத் தைத்தார்கள்.

எந்த வண்டு? நம் ஊரில் குழந்தைகள் தீப்பெட்டிக்குள் வைத்து, வேலமரத்து இலை போட்டு, முட்டையிடுமா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்க்கும் பொன்வண்டின் இனம்தான். பறக்கும் மெல்லிய சிறகை மூடியிருக்கும் கெட்டியான மேல் ஓடு அது. வண்டு செத்த பிறகும் அதன் பச்சை மங்குவதில்லை. மேடை விளக்கில் நடிகை அசையும்போதெல்லாம் உடை முழுவதும் மினுங்கும்.

அந்த ஓட்டைத் தைப்பதை நினைத்துப் பாருங்கள். உலர்ந்த ஓடு, ஊசி கொஞ்சம் தவறினாலும் விரிசல் விடும். ஒவ்வொன்றிலும் துளை போட வேண்டும், நூலை இழுக்கும்போது இறுக்கமும் கூடாது, தொளதொளப்பும் கூடாது. இப்படி ஆயிரம். இந்த உடை 2011இல் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் காட்சிக்கு வந்தது. பிரைட்டனில் ஜென்சி டிங்கரின் பட்டறையில் அதற்கு 1,300 மணி நேரம் ஆனது. உடைந்த ஓடுகள் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஜப்பானிய மெல்லிய தாளை வைத்து, கோதுமைப் பசையால் ஒட்டினார்கள். பழுதுபார்த்த நேரத்துக்கு இப்படிக் கணக்கு இருக்கிறது, நல்லது. செய்த நேரத்துக்கு? 1888இல் நெட்டில்ஷிப்பின் பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருந்த தையல்காரிகளின் மணிக்கணக்கு எந்தப் பலகையிலும் ஏறவில்லை. வடிவமைத்தவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது, பட்டறை உரிமையாளர் பெயர் நிற்கிறது. அதற்குக் கீழே இருந்த விரல்களுக்குப் பெயர் இல்லை. பெண்களின் பெயர்களை மீட்டெடுக்கும் வேலையில் நாமும் பெரும்பாலும் மேல்படியோடு நின்றுவிடுகிறோம். வடிவமைப்பாளர் ஒரு பெண் என்று கண்டுபிடித்ததும் நமக்கு மனநிறைவு வந்துவிடுகிறது. கூலிக்குத் தைத்தவளும் பெண்தான்.

சரி, இந்த உடை உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889இல் வரைந்த படத்தால். இன்று அது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. பச்சை உடையில் எலன் டெர்ரி, இரண்டு கைகளையும் உயர்த்தித் தன் தலையில் தானே கிரீடம் வைத்துக்கொள்ளப் போகிறார். அற்புதமான படம்தான். ஆனால் அப்படி ஒரு காட்சி நாடகத்தில் கிடையாது. ஓவியரின் கற்பனை அது. இரவுக்கு இரவு மேடையில் அந்தப் பெண் செய்துகாட்டிய நடிப்பு மறைந்து, ஒரு நாளும் அவள் செய்யாத அசைவு அவளுடைய அடையாளமாகிவிட்டது. இந்த உடையைப் பார்த்த ஆஸ்கார் வைல்டும் சும்மா இருக்கவில்லை. லேடி மேக்பெத் புருஷனுக்கு உள்ளூரில் துணி எடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் பைசாந்தியத்தில் போய் வாங்குகிறாள் போலிருக்கிறது என்ற பொருளில் கேலி செய்தார். சிரிக்கலாம். ஆனால் ஒரு நடிகையின் பெரிய வேலையைக் கடைவீதிக் கதையாகச் சுருக்கிய சிரிப்பு அது.

அவருடைய வேலை என்ன? லேடி மேக்பெத் என்றால் ராட்சசி என்பது அன்றைய வழக்கம். டெர்ரி அவளைக் கணவன்மேல் பெரும் பிரியம் கொண்ட பெண்ணாக, அந்தப் பிரியத்தாலேயே கொலைக்குத் துணைபோய் உடைந்துபோகிற பெண்ணாகப் பார்த்தார். விமர்சகர்களில் பலர் ஏற்கவில்லை. அவர் நாடகப் பிரதிகளின் ஓரங்களில் குறிப்பு எழுதிக்கொண்டே படிப்பவர். பிற்காலத்தில் ஷேக்ஸ்பியரின் பெண்களைப் பற்றி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவர் மறைந்த பிறகு 1932இல் அவை புத்தகமாகவும் வந்தன. பாம்புச் செதிலும் கவசமும் கலந்த உடைக்குள் மென்மையான ஒரு மனைவி என்ற முரணைத் தாங்கித்தான் அந்த வேடமே நின்றது. உடை அந்தச் சிந்தனையின் ஒரு பாதி. ‘அழகான உடை’ என்று முடித்துக்கொள்கிறவர்கள் அந்தச் சிந்தனையைத் திருடிக்கொள்கிறார்கள்.

இருக்கும் உடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வீட்டில் இருக்கவே முடியாத இரண்டு உடைகள்.

முதலாவது கறுப்பு. 1878இல் ஹென்றி இர்விங் லைசியத்தின் பொறுப்பை ஏற்று ‘ஹாம்லெட்’ போட்டபோது டெர்ரிதான் ஒஃபீலியா. மனம் பிறழும் காட்சியில் கறுப்பு உடுத்த விரும்பினார். அப்பன் செத்துப்போன பெண், அவளுக்குக் கறுப்புதானே சரி. கறுப்பு உடுத்த நாடகத்தில் ஒருவருக்குத்தான் இடம், அது ஹாம்லெட் என்று சொல்லிவிட்டார்கள். ஹாம்லெட் இர்விங். டெர்ரி வெள்ளையில் மேடையேறினார். தன் வாழ்க்கை வரலாற்றில் இதை அவரே எழுதியிருக்கிறார். அவருக்கும் தகப்பன் சாகிறான், இவளுக்கும் தகப்பன் சாகிறான். துக்கத்தின் நிறம் மட்டும் கதாநாயகனுக்குச் சொந்தம்.

இரண்டாவது ரோசலிண்டின் உடை. ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ஆண் வேடமிட்டுக் காட்டில் திரியும், எல்லோரையும்விடப் புத்திசாலியான அந்தப் பெண்ணை நடிக்க டெர்ரி கடைசிவரை ஆசைப்பட்டார். அவருக்கென்றே எழுதியதுபோன்ற வேடம் என்று எல்லோரும் சொன்ன வேடம். இர்விங் அந்த நாடகத்தைப் போடவே இல்லை. அதில் அவருக்குத் தகுந்த பெரிய வேடம் இல்லை, அவ்வளவுதான். 1878இலிருந்து 1902வரை அவருடன் மேடையில் நின்ற பெண்ணுக்கு, தான் மையமாக இருக்கும் அந்த ஒரு நாடகம் கிடைக்கவில்லை. அரசாங்கத்துக்கும் அதே கணக்குதான். இர்விங்குக்கு 1895இல் ‘சர்’ பட்டம். டெர்ரிக்கு ‘டேம்’ பட்டம் 1925இல் வந்தது, முப்பது வருடம் கழித்து, அவர் எழுபது வயதைக் கடந்த பிறகு.

ஆகவே நாடக அருங்காட்சியகங்களிடம் நான் கேட்பது இதுதான்: உடுத்தியதை மட்டும் வைக்காதீர்கள், மறுக்கப்பட்டதையும் எழுதி வையுங்கள். ஒரு பெட்டியைக் காலியாக விட்டு, ‘எலன் டெர்ரியின் ரோசலிண்ட் உடை: தைக்கப்படவில்லை’ என்று பலகை மாட்டினால் அது வெற்றுத் தந்திரமாகாது, துல்லியமான வரலாறாகும்.

இனி, இந்த உடை நம் காலம்வரை வந்த கதை. அருங்காட்சியகங்கள் தாமாக முளைப்பதில்லை. டெர்ரி இறந்த மறுவருடம், 1929இல், அந்த வீட்டை அம்மாவின் நினைவில்லமாகத் திறந்தவர் மகள் ஈடித் கிரெய்க். பக்கத்திலிருந்த களஞ்சியத்தை நாடக அரங்காக்கினார். 1939இல் எல்லாவற்றையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்து, 1947இல் சாகும்வரை அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டார். உடன் வாழ்ந்தவர்கள் எழுத்தாளர் கிறிஸ்டோபர் செயின்ட் ஜானும் ஓவியர் கிளேர் அட்வுடும். மூவரும் பெண்கள், ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்தவர்கள். டெர்ரியின் சொற்பொழிவுகளைத் தொகுத்ததும் செயின்ட் ஜான்தான்.

ஈடித்தைக் காவல்காத்த மகள் என்று மட்டும் சொன்னால் அதுவும் அநியாயம். அவர் உடை வடிவமைப்பாளர், நாடக உடை தயாரிக்கும் தொழில் நடத்தியவர், இயக்குநர், பெண்கள் வாக்குரிமைப் போராளி. வரலாற்றின் பெரும் பெண்களை வரிசையாக மேடையேற்றிய சிசிலி ஹாமில்டனின் நாடகத்தை 1909இல் லண்டனில் இயக்கினார். அம்மாவும் அதில் நடித்தார். 1911இல் ‘பயனியர் பிளேயர்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். அவருடைய தம்பி எட்வர்ட் கோர்டன் கிரெய்க். நவீன நாடகம் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் நாடகப் பட்டறைகளிலும் மரியாதையோடு உச்சரிக்கப்படும் பெயர். நடிகன் மேடையைவிட்டுப் போக வேண்டும், அந்த இடத்தில் மாபெரும் பொம்மை வர வேண்டும் என்று கோட்பாடு எழுதியவர். தன் காலத்தின் மிகப் பெரிய நடிகைக்குப் பிறந்த மகன் நடிப்பவரே வேண்டாம் என்றார். மகள் அந்த நடிகையின் கிழிந்த விளிம்பையும் கழன்ற சிறகையும் பத்திரப்படுத்தினார். கோட்பாடு எழுதியவர் மேதையானார். துணியைக் காத்தவர் ‘எலன் டெர்ரியின் மகள்’ ஆனார். துணி இல்லாவிட்டால் இன்று நமக்கு ஆதாரமே இல்லை.

இந்த இடத்தில் சில தோழர்கள் கேட்பார்கள்: ஏகாதிபத்தியத் தலைநகரில் சொகுசாக வாழ்ந்த வெள்ளைக்கார நடிகையின் கவுனைப் பற்றி நமக்கென்ன? கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் அந்தக் கவுனிலேயே இருக்கிறது. பொன்வண்டு இங்கிலாந்தில் பிறப்பதில்லை. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்கிற பூச்சி அது. 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் கல்கத்தாவிலும் மஸ்லின் துணியில் ஜரிகையோடு பொன்வண்டு ஓட்டைத் தைத்து ஐரோப்பியப் பெண்களுக்காக விற்றார்கள். அந்தக் கைவேலைதான் லண்டன் நாகரிகத்துக்கு இந்த மினுமினுப்பைப் பழக்கியது. அந்த உடை வெள்ளைக்காரப் பெண்ணின் பெருமையாக நிற்பதற்கு முன்னால் நம் காட்டுப் பூச்சியும் நம் ஊர்க் கைவினையும் அதில் நிற்கின்றன. பெண்ணியம் இந்த இரண்டாவது மறைப்பைப் பேசாவிட்டால் அது பாதிக் கண்ணோடு பார்க்கிற பெண்ணியம். லண்டன் தையல்காரியின் பெயரைக் கேட்கும் அதே வாயால் சென்னைக் கைவினைஞரின் பெயரையும் கேட்க வேண்டும்.

கேட்டுவிட்டு நம் வீட்டுக்குள்ளும் திரும்பிப் பார்க்க வேண்டும். நம் மேடைப் பெண்களின் உடைகள் எங்கே?

கும்பகோணத்து பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காக ஓடிய ரயிலுக்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பெயர் வந்தது. கடைசிக் காலத்தில் வறுமையில் செத்தார். அவருடைய ஒரு ரவிக்கையை, ஒரு சலங்கையை நான் எந்தக் காட்சிப்பெட்டியிலும் கண்டதில்லை. நான் பார்த்த காட்சிக்கூடங்களில் கூத்துக் கிரீடம் இருக்கிறது, புஜகீர்த்தி இருக்கிறது, மார்புப் பதக்கம் இருக்கிறது. எல்லாம் ஆண்கள் கட்டியாடியவை. திரௌபதி வேடத்தையும் ஆண்தான் கட்டினார். அந்தக் கலைஞர்களின் பொருள்களை வைத்ததில் எனக்குக் குறையில்லை. அவர்களும் ஒடுக்கப்பட்ட உழைப்பாளிகளே. ஆனால் அதோடு தமிழ் மேடையின் வரலாறு முடிந்துவிட்டதாகக் காட்டினால், பெண் மேடையேறவே இல்லை என்று அடுத்த தலைமுறை நம்பும்.

பட்டங்களைப் பாருங்கள். பெண் வேடத்தில், ஔவையாராக நடித்ததற்காக டி.கே. சண்முகம் ‘ஔவை’ சண்முகம் ஆனார். சிறந்த நடிகர், அந்தப் பெருமைக்கு உரியவர்தான். கே.பி. சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார். அவரை யாரும் ‘நந்தனார்’ சுந்தராம்பாள் என்று அழைக்கவில்லை. அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய்ச் சம்பளத்தைத்தான் இன்றும் முதலில் சொல்கிறார்கள். ஆண் பெண்ணானால் கலை, பெண் ஆணானால் காசு. 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. அதற்குப் பிறகு அவர் உடுத்திய வெள்ளைச் சேலையைத் தியாகத்தின் சின்னமாகப் போற்றுகிறோம். ஒஃபீலியாவுக்கு உடையின் நிறத்தை நாடகக் கம்பெனி தீர்மானித்தது. இங்கே ஊரும் சாதி வழக்கமும் விதவைக்கு நிறம் தீர்மானித்துவைத்திருந்தன. அந்தத் தீர்மானத்தையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தச் சேலையை மட்டும் புகழ்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

ஸ்பெஷல் நாடகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடக்கிறது. ஸ்திரீபார்ட் நடிகை தன் சேலையைத் தானே வாங்குகிறார். ஜமிக்கி, சவுரி, செட்டு நகை, மேக்கப் சாமான் எல்லாம் அவர் செலவு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் போய், காலையில் தூங்காத கண்ணோடு திரும்புகிறார். தினைப்புனத்தில் குருவி விரட்டும் கவண் அவர் கையில் பளபளக்கும்போது கை தட்டுகிற ஊர், மறுநாள் அவரைத் தெருவில் கண்டால் என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். வேடம் கிடைக்காத வயது வந்ததும் அந்தச் சேலை பழஞ்சேலை, செட்டு நகை பேரப்பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான். காப்பாற்றி வைக்க அவருக்கு ஸ்மால்ஹைத் வீடு இல்லை, வாடகை வீடுதான். நாளைக்கு யாராவது ஒருவர் ‘ஆவணம் இல்லை’ என்று ஆய்வுக் கட்டுரை எழுதுவார். ஆவணம் இல்லாமல் போகவில்லை. இன்றைக்கு அது தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே தமிழ் நாடகத்துக்கு அருங்காட்சியகம் வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்களிடம் சில கோரிக்கைகள். ஸ்திரீபார்ட் நடிகையின் சேலையை நன்கொடையாகக் கேட்காதீர்கள், விலை கொடுத்து வாங்குங்கள். அவர் பெயரை, எந்தெந்த ஊரில் எத்தனை வருடம் நடித்தார் என்பதை, அவர் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். ரவிக்கை தைத்தவர், சவுரி பின்னியவர், கிரீடத்துக்குக் கண்ணாடி ஒட்டியவர் பெயர்களைப் பலகையில் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘பெயர் பதிவு செய்யப்படவில்லை’ என்று போடுங்கள், வெறும் ‘துணி, ஜரிகை’ என்று போடாதீர்கள். அக்குளில் படிந்த வியர்வைக் கறையையும் தையல் பிரித்து அகலப்படுத்திய இடத்தையும் புதுசாக்கி மறைக்காதீர்கள். பிள்ளை பெற்ற பிறகும் அதே ரவிக்கையைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு மேடையேறியதற்கு அதுதான் சாட்சி. அவர்களில் வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கேட்டு நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். சேலைக்குக் குளிர்சாதன அறை, சேலை கட்டியவளுக்கு ரேஷன் வரிசை என்றால் அந்த மியூசியம் எங்களுக்கு வேண்டாம்.

ஸ்மால்ஹைத்தின் பச்சை உடை இன்றும் மினுங்குவதற்கு டெர்ரியின் புகழ் மட்டும் காரணமில்லை. பெண்கள் செய்தார்கள், பெண்கள் பழுதுபார்த்தார்கள், பெண்கள் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காத்தார்கள். அந்த வேலைக்கு அவர்களை யாரும் நியமிக்கவில்லை. நம்மையும் நியமிக்கப்போவதில்லை. தகரப் பெட்டிகள் துருப்பிடிக்கும் முன்பே அவற்றைத் திறக்கப் போக வேண்டியவர்கள் நாம்தான்.